ஜிப் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள்: வீட்டு விண்ணப்பப் பிரிவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை தோறும் கோயில் மண்டபத்தில் இரண்டு பழைய மடிக்கணினிகளோடு உட்கார்ந்து, ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு வீடு கேட்டு இணைய விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களும் நீங்கள் எழுதிய ஒற்றை வரிப் பதில்களும் உங்களிடமே இருக்கின்றன. பழைய கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. ஜிப், ரார் இரண்டும் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிச் சுருக்கி அனுப்பும் வகைகள். கேட்பது ஒன்றுதான்: ஆவணங்களை ஜிப் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். ரார் கோப்புதான் வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள்.

போன வாரம் நீங்கள் மூன்றாவது முறையாகத் திருப்பிய விண்ணப்பம் ஒரு பெரியம்மாவுடையது. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பத்திரங்களை எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, ஸ்கேன் ஆனதும் உடனே வாங்கித் திரும்பவும் மடித்து உள்ளே வைப்பார். எங்கள் கையிலும் அதிக நேரம் விடமாட்டார்.

முதல் தடவை ஜிப் கோப்பு என்பதால் திருப்பினீர்கள். எங்கள் மடிக்கணினிகளில் ஓடுவது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றுபோனது, விண்டோஸ் 11 அந்தப் பழைய கணினிகளில் ஏறவில்லை. தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம். அதில் ஜிப் உடனே செய்துவிடலாம். ரார் அப்படி இல்லை. அதைத் திறக்க இலவச மென்பொருள் நிறைய உண்டு. ஆனால் உருவாக்குவதற்கு அதன் உரிமையாளரின் மென்பொருள்தான் வேண்டும், அதுவும் சோதனைக் காலம் முடிந்தால் காசு. ஜிப்பின் விவரக்குறிப்போ 1989இல் வந்த நாளிலிருந்து யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தனியாக எதுவும் நிறுவாமலே செய்யலாம், திறக்கலாம். உங்கள் மேசையில் இருக்கும் கணினியும் அதைத் திறக்கும்.

சரி, விதி விதிதான் என்று ஒரு நண்பர் வீட்டு விண்டோஸில் ரார் செய்து அனுப்பினோம். பத்து எம்பிக்கு மேல் போய்விட்டது என்று இரண்டாவது தடவை திருப்பினீர்கள். ஐயா, ஸ்கேன் செய்த பத்திரங்கள் ஜேபெக் என்ற வகைப் படங்கள், அந்த வகை ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை ராரில் போட்டாலும் ஜிப்பில் போட்டாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையாது. குறைக்க வேண்டுமானால் ஸ்கேன் செய்யும்போதே 300 டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) 150 ஆக்க வேண்டும், கலரை விட்டுக் கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும். இந்த ஒரு வரி உங்கள் வழிகாட்டியில் இருந்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது தடவைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. லீவுக்கு வந்திருந்த காலேஜ் மாணவி ஒருத்தி தன் மேக்கில் படங்களைச் சிறிதாக்கி ஜிப் செய்தாள். இந்த முறை ஜிப்பை ஏற்றுக்கொள்வதாக உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் சொன்னார்கள், அதற்கு நன்றி. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: 'ஆவணங்கள் சேதமடைந்துள்ளன.' மேக்கில் செய்த ஜிப்பை விண்டோஸில் பிரித்தால் கூடவே '__மேக்ஓஎஸ்எக்ஸ்' என்ற ஃபோல்டர் ஒன்று வரும். அதற்குள் அதே படங்களின் பெயரில், முன்னால் ஒரு புள்ளியும் ஒரு கீழ்க்கோடும் வைத்த குட்டிக் கோப்புகள் இருக்கும். அவை படங்கள் அல்ல. மேக் தனக்காக வைத்துக்கொள்ளும் குறிப்புகள், விண்டோஸில் திறக்காது. உண்மையான படங்கள் பக்கத்து ஃபோல்டரிலேயே இருந்தன. நாங்கள் அனுப்பியதை வேறொரு விண்டோஸ் கணினியில் பிரித்துப் பார்த்தோம், ஒன்று விடாமல் எல்லாம் திறந்தன. பக்கத்து ஃபோல்டரையும் யாராவது ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்.

அந்தப் பதிலைப் படித்துக் காட்டியபோது பெரியம்மா டின்னைத் திறந்து பத்திரங்களை மேசையில் பரப்பினார். பிறப்புப் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்து ஓரம் ஓரமாகத் தடவினார். "தம்பி, எங்க கெட்டுப்போயிருக்கு? கரையான் எதுவும் அரிக்கலையே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

முன்பெல்லாம் தோட்டத்து ஆபீசில் கிராணி என்கிற எழுத்தர் முன்னால் காகிதத்தை நீட்டினால், இது சரி, இது இல்லை என்று முகத்தைப் பார்த்தாவது சொல்லிவிடுவார். அங்கேயும் அலைச்சல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என்ன குறை என்று தெரிந்துகொண்டாவது திரும்பி வரலாம். இப்போது எல்லாமே இணையம் என்கிறீர்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்தை விட்டு வெளியேறி, இன்று வாடகை வீட்டில் இருக்கிற ஒருவர் ஒரு கோப்பின் வகைக்காக வீட்டை இழப்பதா? விண்ணப்பிப்பவரிடம் எந்தக் கணினி இருக்கிறது, இருக்கிறதா என்றே கேட்காமல் போட்ட விதி இது. கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

ஆனாலும் பணிவோடுதான் கேட்கிறேன். ஜிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் சிரமம் என்றால் தனித்தனிப் பிடிஎஃப்பாக ஏற்றுவதற்கு இடம் கொடுங்கள். சேதம் என்று எழுதும் முன் முழுவதையும் பிரித்துப் பார்க்கும்படி உங்கள் ஊழியர்களிடம் சொல்லுங்கள். கோப்பு வகைக்காகத் திருப்பிய விண்ணப்பங்களை, கெடு முடிந்துவிட்டது என்று ஒதுக்காமல் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியம்மாவின் ஆவணங்கள் தயாராக இருக்கின்றன. மேக்கின் அந்த ஃபோல்டரை நீக்கி, கோப்புகளின் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்தில் மாற்றி, பத்து எம்பிக்குள் ஜிப் செய்து வைத்திருக்கிறோம். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று சொல்லுங்கள், அன்றைக்கே அனுப்புகிறோம். பென்டிரைவில் நேரில் கொண்டு வரச் சொன்னாலும் சரி, பெரியம்மாவையும் டின்னையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமைக் கணினி உதவியாளர்களில் ஒருவன்
சுங்கை சிப்புட், பேராக்