கயிற்றின் கீழ்முனையில் நிற்பவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூரிலிருந்து வார இறுதியில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ராமநகரத்துப் பாறைகளுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். பதினைந்து வருடமாக அந்தப் பாறைகளில் ஏறிக்கொண்டிருப்பவன் நான். ஆசையாகத்தான் பக்கத்தைத் திருப்பினேன். படத்தைப் பார்த்ததும் பகீரென்றது. சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் மேலே பிடிமானத்துக்குக் கை நீட்டுகிறாள். படத்தின் இடது ஓரத்தில், கீழே, அவளுடைய கயிற்றைப் பிடிக்க வேண்டிய பையன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். வலது கையின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். அந்த வலது கை கயிற்றில் இருந்திருக்க வேண்டும்.

கீழே நின்று கயிறு பிடிப்பதை நாங்கள் பிலே என்போம். ஏறுபவரின் இடுப்பிலிருந்து போகும் கயிறு, மேலே பாறையில் பதித்திருக்கும் பிடிப்பான ஆங்கரில் திரும்பி, பிலே கொடுப்பவரின் இடுப்பில் உள்ள சின்னக் கருவிக்குள் வந்து, அவருடைய கைக்குள் முடிகிறது. மேலே இருப்பவர் வழுக்கினால் நிறுத்துவது அந்தக் கைதான். சிலவகைக் கருவிகள் தாமாகவே கயிற்றை இறுக்கும். ஆனால் அவற்றைத் தயாரிப்பவர்களே, கையை எடுக்காதே என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சாதாரணக் கருவி என்றால் பேச்சே இல்லை, கை விட்டால் ஆள் கீழே.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாராவது சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றதிலிருந்து ஏறிப் பார்க்க வரும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். நகரத்துக்குள் செயற்கைச் சுவர்களும் வந்துவிட்டன. அங்கே தரையெல்லாம் மெத்தை, மேலே கயிறு தயாராகத் தொங்கும், கல் விழாது. நாலு மாதம் அங்கே பழகிவிட்டு, ஐந்தாவது மாதம் ராமநகரத்துக் கருங்கல்லின் அடியில் வந்து நிற்கிறார்கள். கை கால் பலத்தில் குறையே இல்லை. பாறையடியில் எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு. காலை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது ஒரு வேனும் இரண்டு காரும் வந்திருந்தன. பணம் வாங்கிக்கொண்டு கூட்டி வரும் குழு. இருபத்தெட்டுப் பேர், சொல்லிக்கொடுக்க இரண்டு பேர், ஹெல்மெட் ஆறு. ஏறுகிறவருக்கு மட்டும் ஹெல்மெட், கீழே நிற்கிறவர்களுக்கு எதற்கு என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். ஏறுபவரின் கால் பட்டு உதிரும் கல் யார் தலையில் விழும்? எலுமிச்சம்பழ அளவு கல் போதும். கூட்டத்தில் பாதிப் பேர் பாறைக்கு நேர் கீழே பாய் விரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

அன்று மத்தியானம் வரைக்கும் ஒரே பாதையில் அவர்கள் கயிறு தொங்கியது. மற்றவர்களுக்கு இடம் விடவில்லை என்பதுகூடப் போகட்டும். கயிற்றைப் பாறையில் பதித்திருக்கும் இரும்பு வளையத்துக்குள்ளேயே நேராக விட்டிருந்தார்கள். இருபத்தெட்டுப் பேர் ஏறி இறங்கினால் அத்தனை முறையும் மண் ஒட்டிய கயிறு அந்த வளையத்தை அரம் மாதிரி ராவும். அவர்கள் போன பிறகு ஏறிப் பார்த்தேன். வளையத்தின் அடிப்பக்கத்தில் என் சுண்டுவிரல் நகம் உட்காரும் அளவுக்குப் பள்ளம். எங்கள் ஊர்க் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் கயிறு போட்ட தடம் அப்படித்தான் இருக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால், கயிறு ஓட இரும்பு தேயாதா? அது ஒரே நாளில் வந்த பள்ளம் இல்லை, பல ஞாயிற்றுக்கிழமைகளின் வேலை. சொந்தமாக இரண்டு பூட்டுக் கராபினர்களை, அதாவது பூட்டு வைத்த கொக்கி வளையங்களை, மாட்டி அதில் கயிற்றை ஓட்டிவிட்டு, கடைசியாக இறங்குபவர் மட்டும் வளையத்தைப் பயன்படுத்தினால் போதும். தன் கைக்காசைப் போட்டு அந்த வளையங்களைத் தாங்கும் போல்ட்டுகளைப் பாறையில் அடித்தவர் யாரென்று அங்கே வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

கூட்டமான நாளில் சத்தமும் ஆபத்துதான். பக்கத்துப் பக்கத்துப் பாதையில் மூன்று பேர் ஏறும்போது “லோயர்!” என்று ஒரு குரல் கேட்டால் யாரை இறக்குவது? ஒருமுறை பக்கத்துக் கயிற்றுக்காரர் போட்ட சத்தத்தைத் தன் ஆள் சொன்னதாக நினைத்து ஒருவர் கயிற்றைத் தளர்த்தியதைப் பார்த்திருக்கிறேன். மேலே இருந்தவர் பிடிமானத்தில் நன்றாக நின்றிருந்ததால் தப்பித்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. கல் உதிர்ந்தால் “ராக்!” என்று ஆங்கிலத்தில் கத்துவது வழக்கம். ஆனால் அடியில் ஆடு மேய்க்கும் அம்மாவுக்கு அது என்ன புரியும்? “கல்லு!” என்று கத்துங்கள். கன்னடத்திலும் அது கல்லுதான்.

இன்னொன்று கயிற்றின் நீளம். 60 மீட்டர் கயிறு என்றால் மேலே போய்த் திரும்பி வருவதற்கு 30 மீட்டர் உயரம்தான் தாங்கும். பாதை 33 மீட்டர் என்றால், இறக்கும்போது கயிற்றின் நுனி கருவியை விட்டு உருவிக்கொண்டு போய்விடும். நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் அது கருவியில் வந்து தட்டி நிற்கும். பத்து விநாடி வேலை.

அனுபவசாலிகளுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்காக லின் ஹில் கதையைச் சொல்ல வேண்டும். உலகின் மிகச் சிறந்த ஏற்றக்காரர்களில் ஒருவர். 1989 மே மாதம், பிரான்ஸில் பியூக்ஸ் என்ற இடத்தில், இடுப்பில் கட்டும் பட்டையான ஹார்னஸுக்குள் கயிற்றை நுழைத்தவர் பேச்சு சுவாரசியத்தில் முடிச்சைப் போட்டு முடிக்காமல் ஏறிவிட்டார். மேலே போய், இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தார். 20 மீட்டருக்கும் மேலிருந்து விழுந்தவரை ஒரு மரம்தான் காப்பாற்றியது. அப்புறம் தேறி வந்து, 1993இல் அமெரிக்காவில் உள்ள எல் கேபிடன் மலைச்சுவரின் ‘நோஸ்’ பாதையை, கயிற்றையோ ஆணியையோ பிடித்து ஏறாமல், கை கால் பலத்தில் மட்டுமே முதன்முதலில் ஏறி முடித்தவரும் அவர்தான்.

எனக்கும் அது நடந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், எத்தனையோ முறை ஏறிய பாதை. எட்டு வடிவ முடிச்சின் முதல் எட்டைப் போட்டு, கயிற்றை ஹார்னஸின் இரண்டு வளையங்களிலும் நுழைத்துவிட்டேன். அதே வழியில் திருப்பி விட வேண்டிய நேரத்தில் நண்பர் ஏதோ கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே ஷூவை மாட்டினேன். பாறையில் கை வைத்தும்விட்டேன். ஓசூரிலிருந்து அன்றுதான் முதன்முறையாக வந்திருந்த ஒரு பெண், கல்லூரி முதல் வருடம் இருக்கும், தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். “அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க, எங்களுக்குக் காலையில சொல்லிக் குடுத்தது வேற மாதிரி இருந்துச்சு. இது பாதியிலேயே நிக்குதே?” என்று என் இடுப்பைக் காட்டினாள்.

தப்பா நெனச்சுக்காதீங்க. என் உயிரைக் காப்பாற்ற வந்த பிள்ளை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. இது எங்கள் தவறு, பழைய ஆட்களின் தவறு. புதிதாக வருபவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வோம், வீட்டுக்கு வந்து அவர்களைப் பற்றிப் பேசுவோம். அங்கேயே கிட்டே போய், “தம்பி, கருவியில கயிறு தலைகீழா போயிருக்கு, வாங்க சரி பண்ணுவோம்” என்று சொல்ல மாட்டோம். பெரியவர் செய்வதைச் சின்னவர் கேட்கக் கூடாது என்ற பழக்கம் வேறு. பாறையடியில் அதற்கு இடமில்லை. ஏறுவதற்கு முன் ஒருவர் முடிச்சை இன்னொருவர் விரல் வைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹார்னஸின் பக்கிள், கராபினரின் பூட்டு, கருவிக்குள் கயிறு போகும் திசை, எல்லாம். அந்தப் பெண் கேட்ட நாளிலிருந்து எங்கள் குழுவில் யார் ஏறினாலும், அன்று வந்தவர்களிலேயே புதியவர் யாரோ அவர்தான் கடைசியாகச் சரிபார்க்கிறார்.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன ஒன்றிரண்டையும் சொல்லிவிடுகிறேன். ராமநகரத்துப் பாறைச் சரிவுகளில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய அடை கட்டுகின்றன. ஸ்பீக்கரில் பாட்டு, ட்ரோன், சிகரெட் புகை எதுவும் அங்கே வேண்டாம். தரையில் இருப்பவர் ஓடிவிடலாம், பாதிப் பாறையில் கயிற்றில் தொங்குபவர் எங்கே ஓடுவார்? அப்புறம், ராமநகரத்தில் உள்ள ராமதேவர பெட்டா மலை 2012 முதல் பாறுகளின், அதாவது பிணந்தின்னிக் கழுகுகளின், சரணாலயம். கருங்கழுத்துப் பாறுகள் அந்தச் செங்குத்துப் பாறைகளில்தான் கூடு வைக்கின்றன. உங்கள் கட்டுரை அதையும் ‘ஏறிப் பார்க்க வேண்டிய பாறை’களோடு சேர்த்துவிட்டது. தயவுசெய்து திருத்தம் போடுங்கள். கோயிலுக்குப் படியேறிப் போகலாம், பாறை ஏற வேறு இடம் இருக்கிறது.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வார்த்தை. குழு நடத்துபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்வார், தலைக்குத் தலை ஹெல்மெட் உண்டா, சொல்லிக்கொடுப்பவர் எங்கே படித்தார். டார்ஜீலிங்கிலும் உத்தரகாசியிலும் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே அடிப்படைப் பயிற்சியே சுமார் நான்கு வாரம். கேள்விக்குக் கோபப்படுகிறவரோடு அனுப்பாதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அடுத்த இதழில் அதே படத்தை இன்னொரு முறை போடுங்கள். அந்தப் பையனின் முகத்தை மறைத்துவிட்டு, உயர்ந்திருக்கும் அவனுடைய வலது கையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் மட்டும் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்,
பெங்களூரு