கூடைப்பந்துத் திடலுக்குக் கூரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

18 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான ஆசிய சாம்பியன்ஷிப் கூடைப்பந்துப் போட்டி 2022இல் பெங்களூரில் நடந்தபோது, அதில் முதல் நான்கு இடங்களைப் பிடித்த அணிகளே மறு ஆண்டு மாட்ரிட்டில் நடந்த 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. சொந்த மண்ணில் ஆடியும் அந்த நான்கில் இந்தியா இடம்பெறவில்லை. இத்தனைக்கும் 2017இல் இதே நகரில் நம் 16 வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணி ஆசிய அளவில் இரண்டாம் பிரிவில் பட்டம் வென்று முதல் பிரிவுக்கு முன்னேறியிருந்தது. திறமைக்குக் குறைவில்லை, பயிற்சிக்கான வசதிதான் போதவில்லை என்பது என் கருத்து.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் குமரி மாவட்டத்தில், திறந்தவெளிச் சிமென்ட் தளத்தில் சாரல் விழுந்ததும் மாணவியர் சாக்குத் துணியால் தரையைத் துடைத்துவிட்டு, வழுக்கும் என்று அஞ்சியபடியே பந்தைத் தட்டிச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு உரியது ஆறாம் எண் பந்து. அவர்கள் கையில் இருந்ததோ ஆண்களுக்கான ஏழாம் எண் பந்து. 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதியைக் கடிகாரமே இல்லாத திடலில் எப்படிப் பழகுவது?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மரத்தளமும் கூரையும் கொண்ட ஒரு திடலையாவது அமைத்து, பள்ளி மாணவியருக்கு மாலை வேளைகளில் முன்னுரிமை அளிக்குமாறு விளையாட்டுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் இத்தகைய தகுதிப் போட்டிகளின் முடிவுகளைக் கிரிக்கெட் செய்திகளுக்கு அடியில் ஒற்றை வரியாகச் சுருக்காமல் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தக்கலை வாசகர் ஒருவர்