லியார்ட் வெந்நீர் ஊற்றுகள்: புறப்படும் முன் படிக்கவும்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடகோடியில், ஃபோர்ட் நெல்சனிலிருந்து அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில் உள்ள லியார்ட் ஆற்று வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குச் செல்லவிருப்போர் இதைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நீரின் வெப்பம் 42 முதல் 52 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் என்பதால், ஊற்று பொங்கும் முனையைத் தவிர்த்து, நீர் வழிந்தோடும் பக்கமாக இறங்குவதே நல்லது. குளத்துக்குச் செல்லும் மரப்பலகைப் பாதையின் இருபுறமும் கடுங்குளிரிலும் உறையாத வெதுவெதுப்பான சதுப்பு நிலம் இருக்கிறது. உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிறு நத்தை இந்த வெந்நீரில்தான் வாழ்கிறது. நகத்தளவே உள்ள அவ்வுயிருக்கு இதைவிட்டால் வேறு வீடில்லை. ஆகவே எண்ணெய், சீயக்காய், சோப்பு எதையும் தயவுசெய்து குளத்தருகே கொண்டுபோக வேண்டாம்.

1997இல் இங்கே கருங்கரடி தாக்கி இருவர் உயிரிழந்தனர். எனவே தனியாக நடக்காதீர்கள். உணவை வாகனத்துக்குள் பூட்டி வையுங்கள். சாலையில் காட்டெருமைகள் கூட்டமாக நிற்கும் என்பதால், பொழுது சாய்ந்தபின் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்கவும். ஃபோர்ட் நெல்சனிலேயே எரிபொருளை முழுமையாக நிரப்பிக்கொள்ளவும்.