அக்காவுக்கு, அந்த மரத்தைப் பற்றி

அக்கா,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய், போன் அடித்தாலும் எடுப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள், அந்த மட்டும் நிம்மதி. படிக்கத் தெரிந்த கோவில்காரர்கள் உன்னிடம் வந்து சொல்வார்கள் என்பதும் தெரியும். அவர்கள் இருப்பதால் சிலதை விட்டுவிடுகிறேன். வீட்டுப் பத்திரம் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் கிடையாது.

இன்று நவம்பர் 16. நம் ஆட்களைக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த முதல் கப்பல் கரை சேர்ந்த நாள் என்று, ஆளாளுக்கு ட்ரூரோ கப்பல், 1860 என்று பதிவு போடுகிறார்கள். எனக்கோ 2021 மார்ச் மாதத்துச் சனிக்கிழமைதான் நினைவில் நிற்கிறது. இங்கே மாரியம்மா திருவிழா நடக்கும் பெரிய வெள்ளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

நம் கொல்லைச் சரிவில் நின்ற சிரிங்கா மரத்தில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. நீ சமையல்கட்டிலிருந்து பச்சை பிளாஸ்டிக் பேசினோடு வந்தாய். என் பக்கம் திரும்பவே இல்லை. விழுந்து கிடந்த கிளை அருகே குந்தி உட்கார்ந்து இலைகளைக் கொத்துக் கொத்தாகக் கிள்ள ஆரம்பித்தாய். ரம்பக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவருக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை, நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பேசின் நிறைந்ததும் நீ எழுந்து போய்விட்டாய். துளிர்க்காமல் இருக்க அடிக்கட்டையில் நீலச் சாயம் கலந்த களைக்கொல்லியைத் தடவினேன். மறுநாள் காலையில் பார்த்தால் அதன்மேல் நீ மஞ்சள் பூசியிருந்தாய். நீலமும் மஞ்சளும் கலந்து கட்டையின் நடுவில் ஒரு பச்சை வட்டம், ஓரத்தில் குங்குமம். அதைப் படம் எடுத்தேன். இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

சட்டம் என் பக்கம்தான். சிரிங்கா இந்த நாட்டின் ஆக்கிரமிப்பு மரப் பட்டியலில் இருக்கிறது. நம் வேப்பிலைக்கு மாற்றாக இங்கே வந்த தாத்தாக்கள் பிடித்துக்கொண்ட மலைவேம்புதான் அது, மறுக்கவில்லை. எனக்கு அம்மை போட்டபோது பாயில் பரப்பியதும் அந்த இலைதான். ஆனால் 'தாத்தா நட்டது' என்று ஊரெல்லாம் சொல்கிறாயே, அது பறவையோ வௌவாலோ போட்ட விதை. அதன் பழம் சரிவில் உருண்டு ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து உம்ஹ்லதுசானா ஆற்றுக்கு. கரை நெடுக அதன் கன்றுகள். அடுத்தவர் தோட்டத்துக்குப் போய் இதை வெட்டுங்கள் என்று சொல்லிக் காசு வாங்குகிறவன், தன் வீட்டுக் கொல்லையில் மட்டும் விட்டு வைப்பதா?

சரி, இது ஒரு பக்கம்.

2022 ஏப்ரலில் நம் கொல்லைச் சரிவை இறக்கியது சாதாரண மழை இல்லை. டர்பனில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல். நானூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். மரங்கள் நின்ற சரிவுகளும்தான் இறங்கின. 'தம்பி மரத்தை வெட்டினான், மாரியம்மா மண்ணைத் தள்ளினாள்' என்று பூசாரி வரைக்கும் சொல்லி வைத்தாயே, அது நியாயமா? சமையல்கட்டுச் சுவரை எழுப்ப எத்தனை சனிக்கிழமை வந்து சிமெண்ட் குழைத்தேன், அதை யாரிடமாவது சொன்னாயா?

ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சரிவில் மரத்தை எடுக்கும்போது ஒரே நாளில் எடுக்கக் கூடாது. முதலில் பக்கத்தில் புது வேர் பிடிக்க வேண்டும், ஒன்றிரண்டு மழைக்காலம் போக வேண்டும், அப்புறம் கிளை கிளையாகக் குறைக்க வேண்டும். செத்த வேர் மண்ணைப் பிடிக்காது. வாடிக்கையாளர்களுக்கு நான் போட்டுக் கொடுக்கும் வரைபடத்தில் இதை நான்கு கட்டமாகக் காட்டுவேன், வண்ணம் தீட்டி, அழகாக. நம் வீட்டில் ஒரே சனிக்கிழமையில் முடித்தேன். அன்றைக்கு ஆட்கள் சும்மா இருந்தார்கள், பாதிக் கூலிக்கு வந்தார்கள். காரணம் அவ்வளவுதான்.

பெஞ்சு விஷயமும் உனக்குத் தெரியும். சிரிங்காப் பலகை சிவந்த ரேகையோடு இழைக்க அவ்வளவு நன்றாக வந்தது, ஆசை விடவில்லை. உன்னைக் கேட்காமல் அதைப் பெஞ்சாக்கி ஒருவர் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். அதைப் பற்றி எழுதியவர்கள் 'பயனற்ற மரத்துக்கு மறுவாழ்வு' என்று தலைப்பு போட்டார்கள். அந்த வார்த்தை என்னுடையது இல்லை. ஆனால் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை.

அதைத் திரும்ப வாங்கிவிட்டேன். விலை கேட்காதே.

சரிவுக்குக் கம்பிக்கூடையில் கல் அடுக்கி, மேலே வெட்டிவேர் வரிசை. அதன் வேர் நேராக மூன்று மீட்டர் வரை இறங்கும். 'வெட்டிவேர் மட்டும் உள்ளூரா?' என்று நீ கேட்பாய். உள்ளூர் இல்லைதான், ஆனால் அது பரவாது. மேலே ஒரு உம்ன்யாமதி கன்று. இந்த மண்ணின் மரம், வேம்பின் குடும்பம், இலையும் ஏறக்குறைய அந்தச் சாயல்தான். போனமுறை இதைச் சொன்னபோது 'மாரியம்மாவுக்கு பாட்டனி தெரியாது' என்றாய். சிரித்திருக்கலாம், நான் சண்டை போட்டேன். இந்தத் தடவை கன்று தொட்டியிலேயே இருக்கட்டும். வைப்பதா வேண்டாமா என்று நீ சொல்லு.

செவ்வாய்க்கிழமை காலை லாரி வரும். பெஞ்சு கனம், நாலு பேர் தூக்க வேண்டும். நாயைக் கட்டிப் போடு.

உன் தம்பி