ஒத்துக்கொள்ளாத பால்

ஆசிரியர் அவர்களுக்கு,

200 மில்லி பாலில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியமும் 6 கிராமுக்கு மேல் புரதமும் இருக்கின்றன. பி12 வைட்டமின் வேறு. சரி, அதில் தகராறு இல்லை. ஆனால் 'பால் ஒத்துக்கொள்ளவில்லை' என்ற ஒரே பேச்சில் இரண்டு தனித்தனிச் சிக்கல்களைப் போட்டுக் குழப்புகிறோம்.

பால் குடித்தபின் வயிறு உப்பி, கடமுடவென்று இரைந்து, பேதியாவது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காததால். எனக்கே அப்படித்தான், அரை டம்ளர் தாங்கும், தயிர் தொந்தரவு செய்வதில்லை.

ஒவ்வாமை அப்படியல்ல. பாலிலுள்ள கேசீன், வே (whey) போன்ற புரதங்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு எதிரியாக நினைத்துவிடுகிறது. என் பேத்திக்கு ஒரு வாய் பாயசத்தில் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்பு வந்துவிட்டது. 'கொஞ்சம்தானே கொடுத்தேன்' என்றார் உறவினர்! கொஞ்சமே சிலருக்கு மூச்சுத்திணறல்வரை போகும். அப்போது கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அப்புறம், ஆட்டுப்பாலுக்கு மாற்றினாலும் பயனில்லை. அதன் புரதங்களும் பெரும்பாலும் அதே ஜாடைதான். நன்றாகக் காய்ச்சினாலும் கேசீன் எளிதில் சிதைவதில்லை. பால் சேர்ந்திருக்கிறதா என்று பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படிப்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் என் வேலை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்