உழவுக் கூலியில் டீசலைத் தனியே பிரிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்து வண்டிக்காரர் வாங்குவதைப் பார்த்தே பலரும் டிராக்டர் வாடகையை வைக்கிறார்கள். இதனால் ஒரு பருவம் வண்டிக்காரருக்கு நஷ்டம், மறு பருவம் நிலக்காரருக்கு நஷ்டம். டீசலையும் மற்றச் செலவுகளையும் ஒரே தொகையாகப் பேசுவதுதான் பெரிய குழப்பம்.

டீசலை அளப்பது எளிது. சமதரையில் நிறுத்தி டேங்கைக் கழுத்துவரை நிரப்புங்கள். அளந்த நிலத்தை ஓட்டி முடித்து, அதே இடத்தில் நிறுத்தி மறுபடி நிரப்பினால் கணக்கு கையில் வந்துவிடும். ஏக்கருக்கு 6 லிட்டர் குடிக்கிறது என்றால், லிட்டருக்கு ஏறியதில் 6 மடங்கை மட்டும் கூலியில் ஏற்ற வேண்டும். விலை இறங்கினால் அதே கணக்கில் குறைக்கவும் வேண்டும். ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடுகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி), கொத்துக் கலப்பை, சேற்றுழவு மூன்றையும் தனித்தனியே அளக்காமல் இது சரிவராது.

தேய்மானம், கடன் வட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் வண்டி கொட்டகையில் நின்றாலும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 500 மணி ஓடும் வண்டியில் வட்டியும் இன்சூரன்ஸும் மணிக்கு விழும் பங்கு, 1,000 மணி ஓடும் வண்டியைப் போல இரு மடங்கு. அடுத்தவர் கூலி நமக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம். பிளேடு, டயர், ஆயில், ஓட்டுநர் கூலி இவற்றோடு சேரும்.

மணிக்கணக்கில் பேசினால் வண்டி மெதுவாகப் போகும். ஏக்கர் கணக்கில் பேசினால் ஆழம் குறையும். சீரான, பெரிய வயலுக்கு ஏக்கர் கணக்குதான் நியாயம் என்பது என் கருத்து. 6 அடி ரோட்டவேட்டர் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில், திருப்பத்துக்கும் சால் ஒட்டுவதற்கும் (முன் ஓட்டிய தடத்தின் ஓரத்தை மறுபடி சேர்த்து ஓட்டுவது) 20 சதவீதம் கழித்தாலும், மணிக்கு ஒரு ஏக்கருக்குச் சற்று மேல் முடிக்கும். துண்டு வயலில் கழிவு 40 சதவீதமானால் அதே ஏக்கருக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம் கூடுதல். அங்கே மணிக்கணக்கே சரி.

ஆழத்தைப் பொலபொலத்த மண்ணில் குச்சி குத்திப் பார்க்கக் கூடாது, மண் உப்பியிருக்கும். உழாத ஓரத்தில் ஒரு கழியைக் கிடையாக நீட்டிப் பிடித்து, தளர்மண்ணை விலக்கி, கெட்டித் தரைவரை அளக்க வேண்டும்.

நேரத்துக்குக் கைக்கடிகாரமே போதும். கேபிளில் ஓடும் பழைய மணி மீட்டர் இன்ஜின் சுற்றைப் பொறுத்தே நகரும், கடிகார மணியோடு ஒத்துப்போகாது. அதை சர்வீஸ் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். வயலுக்கு வந்துபோகும் தூரத்துக்கான தொகையை வேலைக்கு முன்பே தனியாகப் பேசிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்