பகா எண் ஆனது அச்சுப்பிழை மட்டுமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், ‘232+1, அதாவது 4,29,49,67,297, ஒரு பகா எண் என்று ஃபெர்மா நிறுவினார்’ என்று போட்டிருக்கிறீர்கள். 232-உடன் ஒன்றைக் கூட்டினால் 233. அது பகா எண்தான். அந்த வாக்கியத்தில் உருப்படியாக அமைந்தது அச்சுப்பிழை மட்டுமே! 2-இன் தலைக்கு மேல் சிறிதாக உட்கார வேண்டிய 32 கீழே இறங்கிவிட்டது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா எதையும் நிறுவிவிடவில்லை. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் வரும் இந்த வகை எண்களெல்லாம் பகா எண்கள் என நம்புவதாகவும், சரியான நிரூபணம் கைவசம் இல்லை என்றும்தான் 1640-இல் கடிதத்தில் எழுதினார். 3, 5, 17, 257, 65,537 வரை நம்பிக்கை பலித்தது. ஆறாவது எண்தான் நீங்கள் போட்டது. அது 641-ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 67,00,417 என்று 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் காட்டிவிட்டார்.

தங்களுக்குத் தெரியாததில்லை, பக்கம் கட்டும் அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். சரிபார்க்கப் பத்து இலக்கத்தை வகுக்கக்கூட வேண்டாம். 2-இன் 16-ஆம் அடுக்கு 65,536. அதில் 641 போவது 102 தடவை, மீதி 154. 65,536-இன் வர்க்கம்தான் 2-இன் 32-ஆம் அடுக்கு; மீதி தெரிய, இந்த 154-ஐ வர்க்கமாக்கினாலே போதும்: 23,716. அதில் 36 தடவை போக மீதி 640. ஒன்றைக் கூட்டுங்கள், 641. முடிந்தது. பேருந்துச் சீட்டின் பின்புறம் போதும்.

641-ஐத் தேடி அலையவும் வேண்டாம். இதன் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும்: 129, 257, 385, 513, 641. இவற்றில் பகா எண்கள் 257-உம் 641-உம்தான். 257-ஆல் வகுத்தால் 2 மிஞ்சும். அடுத்ததே விடை.

‘கணினியில் சோதிக்கப்பட்டது’ என்று பெட்டிச் செய்தி வேறு! 2-ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனையை (எண்ணில் ஒன்று குறைத்து, அத்தனையாவது அடுக்குக்கு அடிமானத்தை உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது; பகா எண் என்றால் வரும்) ஓட்டியிருப்பார்கள். அதில் இந்த வகை எண்கள், பகுபடுபவை உட்பட, அத்தனையும் தேறிவிடும். அடிமானத்தை 3 ஆக்கியிருந்தால் குட்டு உடைந்திருக்கும்.

இது முதல் தடவையும் அல்ல. 1-ஐப் பகா எண் பட்டியலில் சேர்த்தீர்கள். பிறகு ஒரு புதிர்ப் போட்டியில் ‘பகு’ என்பது ‘பகா’ ஆயிற்று. ஓர் எழுத்துதானே என்று விட்டுவிட்டீர்கள். அந்த ஓர் எழுத்தில்தான் விடையே தலைகீழாகிறது. ராசிபலனில் தேதி மாறினால் மட்டும் அடுத்த இதழிலேயே கட்டம் கட்டி வருத்தம் தெரிவிக்கிறீர்கள். எண்களுக்கு ராசி இல்லை போலும்.

தங்கள் எழுத்துருவில் மேலெழுத்து வராதென்றால், ‘2-இன் 32-ஆம் அடுக்கு’ என்று எழுத்திலேயே போட்டுவிடுங்கள். திருத்தத்தையும் அதே மாணவர் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்